யாருடைய மணிக்கூடு?

முதுமையில் நினைவு தளர்ந்து, நாளும் பொழுதும் குழம்பத் தொடங்கிய ஒருவரிடம் உண்மையைச் சொல்வது அறமா, அவர் மனம் நோகாதிருக்கப் பொய் சொல்வது அறமா? இக்கேள்வியை நூலொன்றிலே சந்தித்திருந்தால் விரைவாகவே விடை கூறியிருப்பேன். எந்நிலையிலும் பொய் தகாது என்று 1797இல் வாதிட்ட கான்ற் ஒரு பக்கம். துன்பத்தைக் குறைப்பதே நன்று என்போர் மறுபக்கம். யாதாயினும் ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொண்டால் போதும். ஆயின் எனக்கு அக்கேள்வி வந்தது மழை தூறிய ஒரு விடிகாலையில். இடுப்பிலே படங்கும் முதுகிலே கூடையுமாக அது லயத்து வாசலில் நின்றது. என் தாயாருக்கு வயது 76. கொழுந்து எடுப்பதை அவர் விட்டு 16 ஆண்டுகள் ஆகின்றன.

முதல் நாள் உண்மையைச் சொன்னேன். அவர் கூடையை இறக்கிவைத்து, செய்யத்தகாத தொன்றைச் செய்து பிடிபட்டவர்போலத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். சில நாட்களின் பின் மீண்டும் புறப்பட்டபோது பொய் சொன்னேன். "இன்னைக்குப் பெரட்டு இல்லை, அம்மா." அவர் முகம் தெளியவில்லை. "அப்ப எனக்கு இன்னைக்குப் பேரு இல்லையா, தம்பி?" என்று கேட்டார்.

தோட்டத்தை அறியாத வாசகருக்கு இங்கே ஒரு விளக்கம் வேண்டும். மலையகத்திலே ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். செக்ரோலில் பெயர் பதிவானால் அந்நாள் உண்டு. பதிவாகாவிடின் அந்நாள் இல்லை. கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப் பேர்'. ஒரு மனிதப் பிறவியின் நாளையும் பெயரையும் கூலியையும் ஒரே சொல்லிலே அடக்கிய இக்கணக்கைப் போன்ற கொடிய சுருக்கெழுத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. நான் சொன்ன சிறு பொய், அவர் காதில், 'இன்று நீ இல்லை' என்றே விழுந்திருக்கின்றது.

வைத்தியர் இந்நிலையை இலேசான அறிவாற்றல் குறைவு என்றார். சமைப்பார், சில்லறையைச் சரியாக எண்ணுவார், பேரப்பிள்ளைகளை அதட்டுவார். ஆனால் கேட்டதையே கேட்பார், கிழமையை மறப்பார், துயில் கலைந்தவுடன் எந்த ஆண்டிலே விழித்தோம் என்று தடுமாறுவார். இந்நிலையிலுள்ளோர் எல்லோரும் முழு மறதிநோய்க்கு ஆளாவதில்லை. சிலர் அப்படியே நீடிப்பர், சிலர் தேறுவதுமுண்டு. வைத்தியர் பொறுமையானவர். ஆண்டு, மாதம், திகதி, கிழமை என்று கேட்டார். பின்னர் ஒரு தாளை நீட்டி, மணிக்கூடு ஒன்றை வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்டச் சொன்னார். உலகெங்கும் வழங்கும் சோதனை அது. பேனையைப் பிடித்துப் பழகாத அம்மா, பெருவிரலை நீட்டினார், கைநாட்டு வைப்பதற்கு.

இதைக் கொண்டு சோதனை பொய் என்று நான் வாதிடப்போவதில்லை. பள்ளிக்கூடம் காணாதவர்க்கு அதன் அளவுகள் சரியாகப் பொருந்துவதில்லை என்பதை மருத்துவ உலகமே ஒப்புக்கொண்டுள்ளது. எனினும் அம்மாவுக்குக் குறைவு உண்டு. அதை மறைப்பது அன்பாகாது. 'பாட்டாளியின் காலம் வேறு, முதலாளியின் காலம் வேறு' என்று கவிதை பாடி நோயை மூடிவிடும் நண்பர் ஒருவர் எனக்கிருக்கிறார். அவருடைய கவிதை அம்மாவின் இரத்த அழுத்தத்தைச் சோதிக்காது.

கடந்த நேரத்தின் நீளத்தை நாம் நினைவைக் கொண்டே பெரிதும் அளக்கின்றோம். நிகழ்ச்சிகள் நிறைந்த காலம் பின்னோக்கும்போது நீண்டும், வெறுமையான காலம் குறுகியும் தோன்றும் என்று வில்லியம் ஜேம்ஸ் 1890இல் எழுதினார். காலையில் நடந்தவை மனதில் தங்காதபோது காலைப்பொழுதே சுருங்கிவிடுகிறது. ஆகவேதான் நான்கு மணிநேரம் வாங்கில் இருந்த பின்னும், "இப்பத்தானே வந்தோம்" என்கிறார் அம்மா. மூளையில் நினைவைக் கோக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியிலே நேர ஓட்டத்தைக் குறிக்கும் உயிரணுக்கள் இருப்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. அல்ஸைமர் நோய் முதலில் தாக்கும் இடங்களும் அதனை அண்டியவையே. பழையவை மட்டும் எளிதில் அழிவதில்லை. அரை நூற்றாண்டு விடியலில் எழுந்த உடம்பு, விடியலில் எழுகின்றது.

ஆனால் அந்த விடியல் யாருடையது? ஈ. பி. தொம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலே, மணிக்கூட்டுக்குக் கீழ்ப்படியும் மனிதன் இயல்பாகப் பிறந்தவனல்லன், ஆலை முதலாளித்துவத்தால் ஆக்கப்பட்டவன் என்று காட்டினார். காலையில் முள்ளை முன்னே தள்ளியும் மாலையில் பின்னே இழுத்தும் உழைப்பைத் திருடிய முதலாளிமாரைப் பற்றியும் அதிலே படிக்கலாம். நம் நாட்டு அரசுகளும் காலத்தை விட்டுவைத்தனவா? 1966இல் ஞாயிறு விடுமுறையை நீக்கிப் போயா நாட்களை வாரவிடுமுறை ஆக்கினார்கள். சந்திரனைப் பின்தொடர்ந்த அவ்வாரம் சிலவேளை ஏழு நாளாகவும் சிலவேளை எட்டு நாளாகவும் இருந்தது. 1971இல் ஞாயிறு திரும்பி வந்தது. 1996 மே மாதம் மின்சாரத்தைச் சேமிக்கவென்று மணிக்கூட்டை ஒரு மணிநேரம் முன்தள்ளினார்கள். அவ்வாண்டு ஒக்டோபரில் அரைமணி பின்னிழுத்தார்கள். 2006 ஏப்பிரலில் பழைய நேரத்துக்கே மீண்டார்கள். இடைப்பட்ட காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே நீடித்தது. ஒரே தீவில், ஒரு சோதனைச் சாவடியின் இருபுறமும் இருவேறு நேரங்கள்! அரசு கிழமையை மாற்றினால் அது கொள்கை. கிழவி கிழமையை மாற்றினால் அது நோய். இந்த ஒப்பீடு சற்று மிகையானது என்பதை அறிவேன். ஆயினும் 'இன்று என்ன கிழமை?' என்று கேட்கும்போது எனக்கு நா கூசத்தான் செய்கிறது.

மூன்றாம் முறை, உண்மையும் சொல்லவில்லை, பொய்யும் சொல்லவில்லை. அடுப்பைப் பற்றவைத்துத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, "எந்த மலைக்குப் போகணும், அம்மா?" என்று கேட்டேன். கவ்வாத்து வெட்டிய மலைக்கு என்றார். அங்கே வழுக்குப் பாறை உண்டு என்றார். ஒருமுறை கங்காணி தம் நிறையில் இரண்டு றாத்தலைக் குறைத்தபோது, கூடையோடு திரும்பத் தராசிலே ஏறி நின்றதைச் சொன்னார். அக்கதையை நான் அதற்குமுன் கேட்டதேயில்லை. வெளிச்சம் வந்தது. தம் இடுப்புப் படங்கைத் தாமே குனிந்து பார்த்து, "எனக்கு என்னடா பைத்தியமா?" என்று சிரித்து அவிழ்த்துவைத்தார்.

அவர் தேடியது மணியை அன்று. தம்மை வேண்டி நிற்கும் ஒரு வேலையை, அவ்வேலையில் தமக்குரிய இடத்தை. இதை அறிய எனக்கு ஒரு மணிநேரமும் விறகும் தேவைப்பட்டன. அன்று பாடசாலைக்குப் பிந்திச் சென்றேன். பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுந்தது. மாதச் சம்பளக்காரனுக்கு அது தாங்கக்கூடிய கோடு. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் புறக்கணிக்காதிருப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. நல்லது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே நூற்றுக்கு 12 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்திருந்த நாடு இது. கடமைக்கு வேண்டிய நேரத்தை யார் தருவது?

நான் வேறு நகரில் படிப்பிக்கிறேன். வார இறுதியிலும் விடுமுறையிலும் வருகிறேன். மற்ற நாட்களில் அம்மாவோடு இருப்பவள் என் தங்கை. அவளும் அதே மலையிலேதான் கொழுந்து எடுக்கிறாள். அம்மா இருட்டிலே எழுந்து கூடையைத் தேடும் நாட்களில் அவளும் அடுப்பைப் பற்றவைத்து, தேநீர் ஊற்றி, எந்த மலை என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். வெளிச்சம் வந்த பிறகே ஓடுகிறாள். அந்நாட்களில் நிறை சேர்வதில்லை. சென்ற மாதம் அவளுக்கு ஐந்து அரைப் பேர்.