செய்தியும் கல்பின் அமைதியும்

எங்கோ நடந்த துயரத்தைக் கேட்டு உள்ளம் கலங்குவது ஈமானின் அடையாளமா? கேட்டுக் கேட்டே கலங்கிக் கிடப்பது ஒரு நோயா? இக்காலத்து முஸ்லிம் இல்லங்கள் இதைச் சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கின்றன.

ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு (கி.பி. 625) உஹது களத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். போரின் நெருக்கடியில், பெருமானார் (ஸல்) அவர்கள் கொல்லப்பட்டுவிட்டார்கள் என்று ஒரு குரல் எழுந்தது. வீரத்தில் குறையாத ஸஹாபாக்களில் சிலர் மனமுடைந்து உட்கார்ந்துவிட்டனர். வாளால் ஆகாததை ஒரு செய்தி செய்துவிட்டது! அவ்வழியே வந்த அனஸ் இப்னு நள்ர் (ரலி) அவர்களோ, நாயகம் எதற்காக உயிர் கொடுத்தார்களோ அதற்காக நீங்களும் எழுங்கள் என்று கூறிவிட்டு, முன்னேறிச் சென்று ஷஹீதானார்கள்.

செய்தி பொய் என்பது பின்னர் தெரிந்தது. ஆனால் அனஸ் (ரலி) அவர்கள் அதைப் பொய்யென்று அறிந்து எழவில்லை. மெய்யே ஆனாலும் தம் கடமை மாறாது என்று அறிந்து எழுந்தார்கள்.

ஆகவே, எச்செய்தி வந்தாலும் கேட்க வேண்டியவை இரண்டு. இது உண்மையா? இது என்மீது எந்தக் கடமையைச் சுமத்துகிறது?

முதற் கேள்வி மட்டும் போதாது. 2020 பிப்ரவரியில், கொரோனா பரவிய வேளையில், தகவல் பெருக்கமும் ஒரு தொற்றே என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. மெய்யும் பொய்யும் கலந்து அளவு மிஞ்சி வந்ததே தொல்லையாயிற்று.

"அப்படியானால் உம்மத்தின் துயரத்துக்குக் காதைப் பொத்திக்கொள்வதா?" என்று கேட்பீர்கள். இல்லை. நாயகம் (ஸல்) அவர்கள் முஃமின்களை ஓர் உடலுக்கு ஒப்பிட்டார்கள். காலில் முள் தைத்தால் வலிக்கிறது. உடனே கை அங்கே போகிறது. கை போகாமல், வலி மட்டும் நூறு இடங்களிலிருந்து வந்துகொண்டே இருந்தால் உடல் தளர்ந்துதான் போகும்.

எனவே, துயரச் செய்தி வந்தால் அதற்கென ஓர் அமல் செய்யுங்கள். ஒரு துஆ, இயன்ற ஸதகா, ஓர் ஆறுதல் வார்த்தை. பிறகு கைபேசியை வைத்துவிடுங்கள். அதையே பத்து முறை பார்ப்பதால் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு மிடறு தண்ணீரும் கிடைப்பதில்லை.

ஸுப்ஹுக்கு முன்பே ஏழு நாட்டுத் துயரங்களை அறிந்துவிட்டு, அடுத்த வீட்டு மூதாட்டி மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடப்பதை அறியாதிருப்பது என்ன அறிவு?

கேட்டதைக் கடமையாக்கும் கல்பை வல்ல நாயன் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.