வில்லில் ஒரு குறி

எழுதுகிறவன் ஒருவன் ஊரில் இருக்கிறான் என்று தெரிந்துவிட்டால், பரிசு வழங்க அவனைக் கூப்பிடுவது எங்கள் மதுரைப் பக்கத்து வழக்கம். கோலப் போட்டிக்குப் போயிருக்கிறேன். ஒருமுறை கறவை மாட்டுப் போட்டிக்குக்கூடப் போயிருக்கிறேன். விற்போட்டிக்கு அழைத்தபோதுதான் கொஞ்சம் தயங்கினேன். வில்லைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் பாரதத்திலும் இராமாயணத்திலும் வருவதுதான். "அது போதும் சார். கடைசியில் பத்து நிமிஷம் பேசினால் போதும்" என்றார்கள். அந்தப் பத்து நிமிஷமும் அன்று எனக்கு வாய்க்கவில்லை. வாய்த்திருந்தாலும், நடந்ததைப் பார்த்த பிறகு, மேடையில் நின்று என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

அழகர்கோயில் சாலையில், நகரத்தைத் தாண்டி ஒரு பள்ளிக்கூட மைதானம். கிழக்கே ஆனைமலை படுத்துக் கிடந்தது. ஆடி முடிந்தும் காற்று அடங்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஒரு நாற்காலியும் இளநீரும் கொடுத்து, கையில் ஒரு தாளையும் கொடுத்தார்கள். போட்டி விதிகள். நாலு பக்கம், நெருக்கமான ஆங்கில அச்சு.

படிக்கப் படிக்க எனக்கு ஒன்று வியப்பாக இருந்தது. வயதையும் ஆண், பெண் என்பதையும் தவிர ஆளைப் பற்றி அதில் ஒரு கேள்வியும் இல்லை. வில்லைப் பற்றித்தான் அத்தனை கேள்வியும். வில்லை வைத்தே ஆட்களை மூன்றாகப் பிரித்திருந்தார்கள். முதலாவது, இந்திய வில். மூங்கிலாலோ மரத்தாலோ ஆனது. கையும் கண்ணும்தான் துணை. இரண்டாவது, நுனிகள் முன்பக்கம் வளைந்த ரிகர்வ் வில். ஒலிம்பிக் பந்தயத்தில் காண்பது இதுதான். குறி பார்க்க ஒரு கருவி, ஆட்டத்தை அடக்க நீண்ட கம்பிகள், அம்பை இழுக்க வேண்டிய அளவுக்கு இழுத்தாயிற்று என்று 'டிக்' என்று ஒலித்துச் சொல்ல ஒரு சிறு தகடு. மூன்றாவது, காம்பவுண்டு வில். இதன் இரு முனையிலும் கிணற்றுக் கப்பி போல, ஆனால் மையம் விலகிய உருளைகள். இழுக்கத் தொடங்கும்போது கனக்கும். முழுக்க இழுத்து முடித்ததும் பாரத்தில் பெரும்பகுதி கரைந்துபோய், ஏறக்குறைய கால்பங்குதான் கையில் நிற்கும். அப்புறம் சாவகாசமாகக் குறி பார்க்கலாம். அமெரிக்காவில் மிசௌரியைச் சேர்ந்த ஆலன் என்பவர் இதற்கு 1969-ல் உரிமைப் பட்டயம் பெற்றார். இந்த வில்லுக்கும் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கலப்பு அணிப் பந்தயம் ஒன்றில் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தச் சாலையின் முடிவில் கோயில் கொண்டிருக்கும் அழகர் கையிலும் ஒரு வில் உண்டு. அவர் ஐந்து ஆயுதங்களை ஏந்தியவர். சார்ங்கம் என்றால் கொம்பினால் ஆனது என்று பொருள். ஆகவே மூங்கில் பிரிவில் அவரைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

ஆனால் விஷயம் சிரிப்பதற்கில்லை. எதற்காக இந்தப் பிரிவு? மனிதனை அளக்க விரும்புகிறோம். கருவி குறுக்கே நிற்கிறது. எல்லார் கையிலும் ஒரே மாதிரிக் கருவி இருந்துவிட்டால், மிஞ்சும் வித்தியாசம் மனிதனுடையதாகத்தானே இருக்கும்? நியாயம்தான். ஆனால் கருவி எங்கே முடிகிறது, மனிதன் எங்கே தொடங்குகிறான் என்று கோடு கிழிப்பது எளிதாக இல்லை. எப்போது அம்பை விடுவது என்பதைத் தகடு சொல்லுகிறது, விடுகிறவன் மனிதன். அந்த வித்தையில் பாதி தகட்டினுடையதா? உலக வில்வித்தைச் சங்கம் 1931-ல் தோன்றியது. அவர்கள் வெறும் வில் என்று ஒரு பிரிவு வைத்து, அதற்கு ஒரு சோதனையும் வைத்திருக்கிறார்கள். நாண் கழற்றிய வில், அதில் பூட்டியிருக்கும் சாமான்களோடு, 12.2 சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள வளையத்துக்குள் நுழைய வேண்டும். நுழைந்தால் வெறும் வில், இல்லையென்றால் இல்லை. எழுபது மீட்டர் தூரத்தில் வைக்கும் 122 சென்டிமீட்டர் இலக்கில், பத்துப் புள்ளி தரும் நடு வட்டத்தின் விட்டமும் அதே 12.2 சென்டிமீட்டர்தான். மனித குணத்தை எப்படி அளப்பது என்று தெரியாமல் ஒரு வளையத்தைச் செய்துகொண்டார்கள் போலும். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்திய வில் பிரிவில், முப்பது மீட்டரில் முதல் ஆறு அம்புகள் முடிந்திருந்தன. நடுவராக வந்திருந்த பெண்மணி ஒரு பையனின் வில்லை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பதின்மூன்று வயதிருக்கும். மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். வில்லின் உட்புறத்தில், கைப்பிடிக்குச் சற்று மேலே, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியில் ஒரு துண்டு. அதன்மேல் பேனாவால் ஒரு கோடு.

"இது என்ன தம்பி?"

"முப்பது மீட்டருக்கு இந்தக் கோடு சரியா இருக்கும் டீச்சர்" என்றான் அவன், கேட்டதற்குப் பதில் தெரிந்த மாணவனின் மகிழ்ச்சியோடு.

ஒளிக்க வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. அந்தக் கோட்டை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வயல் வரப்பில் நின்று நாள்கணக்கில் எய்து பார்த்துத் தானே கண்டுபிடித்தது. விதியோ, இந்தப் பிரிவில் குறி பார்க்க உதவும் எந்த அடையாளமும் வில்லில் கூடாது என்றது. அவர் பிளாஸ்திரியை உரித்தார். ஆறு அம்புகளையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்.

பையனின் ஆசிரியர் என்னிடம் ஓடிவந்தார். "சார், நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்பாங்க." சிறப்பு விருந்தினர் என்ற பதவி மனிதனைக் கெடுக்கிறது. நான் எழுந்து போனேன். "சின்னப் பையன், தெரியாமல் செய்துவிட்டான், விட்டுவிடலாமே மேடம்" என்றேன்.

அந்த அம்மாள் கோபிக்கவில்லை. வரிசையில் அவனுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு சிறுமியைக் கூப்பிட்டு அவளுடைய வில்லை என்னிடம் கொடுத்தார். கைப்பிடிக்கு மேலே ஒரு விரல் நீளத்துக்கு வார்னிஷ் போயிருந்தது. அந்த இடத்தில் ஒரு கறை இருந்ததாம். அடையாளம் என்று எண்ணிவிடுவார்களோ என்று அன்று காலை அவளே உப்புத்தாள் வைத்துத் தேய்த்துவிட்டாளாம்.

"இவளுக்கு நீங்களே சொல்லுங்கள் சார்" என்றார்.

எனக்குப் பேச்சு எழவில்லை. இரக்கம் எப்போதும் எதிரே நிற்கிறவனைப் பார்த்துத்தான் சுரக்கிறது. பக்கத்தில் சத்தமில்லாமல் விதிக்குக் கீழ்ப்படிந்து நிற்கிறவள் அதன் கண்ணில் படுவதில்லை. அவளை மறந்துவிட்டு நான் தர்மவானாக இருக்கப் பார்த்தேன். அவளுடைய கணக்கிலிருந்து எடுத்து அவனுக்குத் தானம் செய்யப் பார்த்தேன் என்றும் சொல்லலாம்.

ஆனால் உடனே இன்னொன்று தோன்றியது. "அந்தப் பையன் இந்தத் தாளைப் படித்திருக்க முடியுமா?" என்று கேட்டேன். அந்தச் சிறுமி நகரத்து ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறாள். அவன் அப்படியல்ல. நடுவர் தாளை ஒருமுறை பார்த்தார். "அது எங்கள் தவறு" என்றார். "ஆனால் அவளுடைய தவறு இல்லையே."

போட்டி தொடர்ந்தது. நான் நாற்காலிக்குத் திரும்பிவிட்டேன்.

கர்ணன் அரங்கத்தில் வந்து நின்றபோது கிருபர் அவன் வில்லைப் பார்க்கவில்லை, குலத்தைக் கேட்டார். ஏகலைவனிடம் துரோணர் வில்லைப் பறிக்கவில்லை, கட்டை விரலைக் கேட்டார். இரண்டு இடத்திலும் கருவி அப்படியே இருந்தது, குறைக்கப்பட்டவன் மனிதன். அன்று அந்த மைதானத்தில் யாரும் பையனிடம் ஊரையோ ஜாதியையோ தகப்பன் தொழிலையோ கேட்கவில்லை. வில்லைத்தான் புரட்டிப் பார்த்தார்கள். எங்கள் ஜில்லாவை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். இந்த மட்டில் அந்த நாலு பக்க ஆங்கிலத் தாள் துரோணரைவிட உயர்ந்தது என்று கூசாமல் சொல்லுவேன்.

கேட்காவிட்டாலும் அந்தக் கேள்வி போய்விடவில்லை என்பதுதான் சங்கடம். பந்தயத்துக்கான நல்ல ரிகர்வ் வில்லும் அதன் உபகரணங்களும் லட்ச ரூபாயைத் தாண்டும். மூங்கில் வில் சில ஆயிரம். ஆக, எந்த வில்லைப் பிடித்திருக்கிறான் என்று கேட்டாலே, எந்த வீட்டிலிருந்து வந்திருக்கிறான் என்பதற்குப் பாதி பதில் வந்துவிடுகிறது. மூங்கில் பிரிவு ஏழைப் பிள்ளைக்குத் தன்னைப் போன்றவர்களோடு மோத ஓர் இடம் தருகிறது, நல்லது. ஆனால் ஒலிம்பிக்கில் மூங்கிலுக்கு இடமில்லை. ராஜஸ்தானின் மலைப்பகுதியில் மூங்கில் வில்லோடு வளர்ந்த லிம்பா ராம், 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக் பந்தயங்களுக்குப் போனார். போனது மூங்கில் வில்லோடு அல்ல. புதியதை யாரோ கையில் கொடுத்த பிறகுதான். அந்தப் பழங்குடி இளைஞருக்கு 1991-ல் சர்க்கார் தந்த விருதின் பெயர் அர்ஜுனா விருது. பயிற்சியாளர்களுக்கு 1985 முதல் தருவது துரோணாச்சாரியா விருது. ஏகலைவன் பெயரைப் பழங்குடிப் பிள்ளைகளின் உறைவிடப் பள்ளிகளுக்கு வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தவர்கள் பாரதத்தை நன்றாகப் படித்தவர்களா, சரியாகப் படிக்காதவர்களா என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

பூட்டானில் வில்வித்தைதான் தேசிய விளையாட்டு. நூற்று நாற்பது மீட்டருக்கு அப்பாலிருக்கும் சின்னப் பலகையை எய்கிறார்கள். அங்கும் காம்பவுண்டு வில் வந்து பெரும்பாலான கைகளைப் பிடித்துக்கொண்டது. மூங்கில் வில்லுக்கெனத் தனிப் பந்தயம் வைத்து அதைக் காக்கிறார்கள். தனிப்பிரிவு என்பது காப்பதற்கா, ஒதுக்குவதற்கா? அது அந்தப் பிரிவிலிருந்து வெளியே போக வழி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது என்று எனக்குப் படுகிறது.

மாலையில் முடிவு சொன்னார்கள். அந்தச் சிறுமி இரண்டாவது. பையனுக்கு இடமில்லை. மூன்றாம் இடத்துக்கும் அவனுக்கும் 22 புள்ளி இடைவெளி. எடுத்துவிட்ட ஆறு அம்புகளில் அவன் பெற்றிருந்தது 38. பிளாஸ்திரி இல்லாமல் எய்த மற்ற அம்புகளிலும் அவன் மோசமில்லை என்று நடுவரே சொன்னார். கோப்பையைக் கொடுக்கும்போது என் கண் அவனைத் தேடியது. கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டிருந்தான். பேச என்னைக் கூப்பிட்டபோது, நேரமாகிவிட்டது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வந்தேன். அடுத்த போட்டிக்குத் தமிழிலும் கொடுப்பதாகவும், நான் எழுதித் தருவதாகவும் ஏற்பாடு. இரண்டு இரவில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த ஒரு விதியில் மாட்டிக்கொண்டேன். இலக்கும் நமக்குக் குறி. குறி பார்ப்பதும் குறி. பையன் பேனாவால் போட்டதும் குறி. 'வில்லில் குறி இருக்கக் கூடாது' என்று எழுதினால், பின்னே எதைப் பார்த்து எய்வது என்று ஒரு பிள்ளை கேட்கும். 'அடையாளம்' என்று மாற்றினேன். பிளாஸ்திரியை அந்தப் பையன் அடையாளம் என்று நினைத்திருக்கவே மாட்டான். கடைசியில் இலக்கணத்தை விட்டுவிட்டு இப்படி எழுதினேன்: 'பிளாஸ்திரி, நூல், பேனாக் கோடு, கீறல், கறை, இவற்றில் எதுவும் வில்லின் உட்புறத்தில் இருந்தால், போட்டிக்கு முன்பே நடுவரிடம் காட்டுக.' இதில் ஒரு பிரதியை மேலூர்ப் பக்கம் அந்த ஆசிரியருக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.