தோஷம் யாருடையது?

எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வெளியே புதிதாக ஓர் உணவகம் திறந்திருக்கிறார்கள். பலகையில் பெரிய எழுத்தில் 'மசாலா டோசா'. நம் ஊர்க் கடைகளில் 'தோசை' என்று படித்தே பழகிய என் மலாய் நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "மசாலா போட்ட பாவமா? ஒரு தட்டு எவ்வளவுடா?" என்றான். மலாயில் 'டோசா' என்றால் பாவம். நானும் சிரித்தேன்.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போனேன். அதே சொல் அங்கேயும் வந்தது. அக்காவைப் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: "பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா செவ்வாய் தோஷம் இருக்காம்." இது மூன்றாவது இடம். வரவேற்பறையில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கைப்பேசியைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு சமையலறைக்குப் போனபோது, பாத்திரம் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் அக்கா கேட்டாள்: "நான் என்னடா தப்பு பண்ணேன்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் அந்தச் சொல்லைத் தேட ஆரம்பித்தேன்.

முதலில் தோசையை விட்டுவிடலாம். அது கன்னடத்திலும் 'தோசெ' என்று வழங்கும் நம் பக்கத்துச் சொல். சந்தோஷத்தில் வரும் 'தோஷமும்' வேறு. அது நிறைவடைதல் என்ற பொருளுள்ள 'துஷ்' என்ற சமஸ்கிருத வேரிலிருந்து வந்தது. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன, அவ்வளவுதான். ஜாதகத் தோஷத்தின் வேருக்குக் கெட்டுப்போதல் என்று பொருள். துஷ்டன், தூஷணம் எல்லாம் அதே குடும்பம்.

சமஸ்கிருதத்தில் தோஷம் என்றால் குறை, பழுது. கவிதையில் தோஷம் வரலாம், ரத்தினக் கல்லிலும் வரலாம். ஆயுர்வேதத்தில் வாதம், பித்தம், கபம் மூன்றும் தோஷங்கள். சித்த மருத்துவம் இவற்றை முக்குற்றம் என்கிறது. அவை இல்லாத உடம்பே கிடையாது. சமநிலையில் இருந்தால் அதுதான் ஆரோக்கியம்.

பாலி மொழியில் 'தோச' என்றால் வெறுப்பு என்றும் பொருள். அங்கே தோஷமும் துவேஷமும் ஒரே ஒலியாகிவிட்டன. தாய்லாந்தில் அது 'தோட்' ஆகி, தண்டனையையும் பழியையும் குறிக்கிறது. அங்கே மன்னிப்புக் கேட்பவர் 'கோ தோட்' என்பார். தோஷத்தை எனக்குக் கொடு என்று கேட்பது போல.

மலாய்ச் சொல்லுக்கு வயது அதிகம். கி.பி. 686-ல் ஸ்ரீவிஜய அரசு பங்கா தீவில் நிறுத்திய கோத்தா கப்பூர் கல்வெட்டிலேயே அது இருக்கிறது. தீமை செய்தவனின் தோஷம் அவனிடமே திரும்பட்டும் என்பது அதன் சாபம். என் நண்பனிடம் அக்கா விஷயத்தைச் சொன்னேன். இப்போது அவன் சிரிக்கவில்லை. "டோசான்னா ஒருத்தர் செய்யிறது. பிறந்த குழந்தைக்கு ஏதுடா டோசா?" என்றான்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. அந்த மொழிகளில் தோஷம் என்றால் ஒன்று குறை, சரிப்படுத்தலாம். இல்லாவிட்டால் செயல், செய்தவர் பொறுப்பேற்கலாம். நாம் மட்டும் இரண்டையும் குழப்பிவிட்டோம். ஜாதகக் கட்டத்தில் இருப்பதாகச் சொல்லும் ஒரு குறைக்கு, குற்றம் செய்தவருக்குரிய தண்டனையை ஒரு பெண்ணுக்குக் கொடுக்கிறோம்.

பொறியியல் மாணவன் என்பதால் கணக்கும் போட்டுப் பார்த்தேன். லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12-ஆம் இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பார்கள். 12 கட்டத்தில் 5. எல்லாக் கட்டத்துக்கும் வாய்ப்பு சமம் என்று வைத்தால் நூறு பேரில் ஏறக்குறைய 42 பேருக்குத் தோஷம்! பட்டறையில் நூறு உருப்படியில் 42-ஐப் பழுது என்று ஒதுக்கினால், முதலில் அளவுகோலைத்தான் சோதிக்கச் சொல்வார்கள். ஜோதிட நூல்களே இதற்கு எத்தனையோ விதிவிலக்கு சொல்கின்றன. அதைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "எல்லாம் முன்வினைடா" என்றார். வினையை நானும் நம்புகிறேன், அம்மா. ஆனால் செய்தவரை வினை தேடி வரும் என்பதுதானே நம் சமயம் சொல்வது? அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை நமக்கு யார் கொடுத்தது? ஒருத்தியின் மனதை நோகடித்தால் அது அவளுடைய பழைய வினை இல்லை, நம்முடைய புது வினை. 'பாவம்' என்ற சொல்லையே "ஐயோ பாவம்" என்று இரக்கமாக மாற்றியவர்கள் நாம். இந்தச் சொல்லிடம் மட்டும் ஏன் இரக்கம் இல்லை?

மறுநாள் காலையில் பசியாறும்போது அக்காவிடம் சொன்னேன்: "நீ ஒரு தப்பும் பண்ணலக்கா. அன்னிக்கு அத்தனை பேர் பேசினப்ப வாயை மூடிக்கிட்டு இருந்தேன் பாரு, அது என் தோஷம். மன்னிச்சிடு." அவள் பேசவில்லை. என் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள்.

நண்பர்களே, நாளைக்கு உங்கள் வீட்டிலும் இந்தச் சொல் வரும். யாரோ ஒரு பெண்ணைப் பற்றியோ பையனைப் பற்றியோ சொல்வார்கள். அப்போது பெரியவர்களிடம் மரியாதையாகவே ஒன்று கேளுங்கள்: "அவங்க என்ன செஞ்சாங்க?" பதில் இல்லை என்றால், அந்தத் தோஷம் அவர்களுடையது இல்லை.