நிலைக்கும் கதவுக்கும் இடையில்

வீடு கட்டும்போது நிலையை முதலில் நிறுத்துகிறோம். கதவைக் கடைசியில் மாட்டுகிறோம். எங்கள் வீட்டில் இவ்விரண்டிற்கும் இடையே ஒன்பது மாதங்கள் கழிந்தன. அந்த ஒன்பது மாதங்களில் அவ்வீடு யாருடையதாக இருந்தது? பத்திரமும் பட்டாவும் எங்கள் பெயரில் இருந்தன. வங்கிக் கடனும் எங்கள் பெயரிலேயே இருந்தது. ஆகவே சட்டத்தின்முன் இவ்வினாவிற்கு இடமில்லை. ஆயினும் குடிபுகுந்து ஆண்டுகள் சில சென்ற பின்னும் அது எங்களை விட்டு அகலவில்லை. வீடு கட்டி முடித்தவர்களும், கட்ட எண்ணியிருப்பவர்களும் இவ்விதழின் வாசகர்களிடையே பலர் இருப்பர். அவர்கள் முன் இதனை வைக்கிறோம்.

நீடாமங்கலத்தில் எங்கள் பழைய வீடு நாட்டு ஓடு வேய்ந்தது. 2018 நவம்பர் 16 அன்று பொழுது விடியுமுன் கரை கடந்த கஜா புயல், ஓடுகளில் பாதியைப் பெயர்த்தெறிந்து, கொல்லையில் நின்ற தென்னைகளையும் சாய்த்துவிட்டுப் போயிற்று. பழுது பார்ப்பதைவிட இடித்துக் கட்டுவதே மேல் என்று முடிவாயிற்று. 2019 மாசியில் வானம் தோண்டினோம். எங்கள் ஊரருகே மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. இவ்வாறுகள் காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த களிமண் நெல்லுக்கு உகந்தது, வீட்டுக்கு உகந்ததன்று. மழையில் உப்பும், கோடையில் கை நுழையுமளவு வெடிக்கும். எனவே வானத்தை அகலமாகவும் ஆழமாகவும் எடுத்து, களியை அகற்றி, மணலை நிரப்பி, நீர் விட்டு இறுக்க வேண்டியிருந்தது. (ஆற்றின் மடியிலிருந்து எடுத்து வீட்டின் அடியில் புதைக்கும் இம்மணலைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதலாம். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் 9 மதகுகள் வெள்ளத்தில் போனதைக் கண்ட பிறகு, மணல் வாங்குகிற கை சற்றே கூசத்தான் செய்கிறது. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு.)

பங்குனியில் நிலை வைத்தோம். பங்குத்தந்தை செபித்துத் தீர்த்தம் தெளித்தார். கொத்தனார் தம் வழக்கப்படி நிலையின் தலையில் மஞ்சள் தடவி மாவிலை கட்டினார். இதில் எவரும் முரண்பாடு காணவில்லை. நிலை நின்றுவிட்டது, ஆனால் இருபுறமும் சுவர் முழங்காலளவுகூட எழவில்லை. எங்கள் வீட்டுச் சிறுவன் நிலை வழியே உள்ளே நுழைந்து, சுவரைத் தாண்டி வெளியே குதித்து, மீண்டும் நிலை வழியே நுழைந்து விளையாடிக்கொண்டிருந்தான். உள் என்றும் வெளி என்றும் ஒன்று அப்போது இல்லை.

அந்நிலை வெகுநாள் நீடித்தது. சுவர் எழுந்த பின்னும் கதவு இல்லாமையால் எவரும் எங்கும் சென்றனர். அடுப்பங்கரையாகப் போகும் மூலையில் சிமெண்டு மூட்டைகளை அடுக்கினர். படுக்கையறையாகப் போகும் இடத்தில், சாரத்துக் கழியில் பழஞ்சேலையைக் கட்டித் தூளியாக்கி, சித்தாளாக வந்த பெண்ணொருத்தி தன் குழந்தையை உறங்க வைத்தாள். செபப் பீடம் அமைக்க நாங்கள் குறித்திருந்த சுவரோரம் நிழல் மிகுதியாக விழுந்ததால், நண்பகலில் அங்கேதான் தூக்குவாளிகளைத் திறந்து எல்லாரும் உண்டனர். வீட்டுக்காரராகிய நாங்கள் மாலையில் வேலையின் போக்கைக் காணச் செல்லும்போது, “அந்தப் பக்கம் வராதீங்கம்மா, கல்லு விழும்” என்று அவர்களே எங்களைத் தடுத்தனர். அந்த நாட்களில் அவ்வீட்டிற்கு விருந்தினர் நாங்களே.

சித்தாள் என்ற சொல்லைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஆண் ஒருவன் கையாளாக வந்து, கரண்டி பிடிக்கக் கற்று, கொத்தனாராகி, மேஸ்திரியும் ஆகிவிடுகிறான். பெண் இருபது ஆண்டுகள் கலவை சுமந்தாலும் சித்தாளாகவே இருக்கிறாள்; அவளுக்குக் கூலியும் குறைவு. தளம் போட்ட நாளில் காலை ஆறு மணிக்குத் தொடங்கிய வேலை பொழுது சாய்ந்த பிறகே முடிந்தது. நடுவில் நிறுத்தினால் கலவை ஒட்டாது என்பதால் எவரும் உட்காரவில்லை. ஏணியில் ஆளுக்கொரு படியாக நின்ற பெண்களின் கைகள் வழியே சட்டி சட்டியாகக் கலவை மேலேறியது. மறுநாள் தளத்தின்மேல் சிறு வரப்புகள் கட்டி நீரைத் தேக்கினார்கள். பத்து நாட்களுக்குக் குறையாமல் ஈரம் காக்க வேண்டும். அதன் வலிமையை இருபத்தெட்டாம் நாளில்தான் கணக்கிடுவர். “நாத்தங்கால் மாதிரி இருக்கு” என்றாள் அப்பெண். தளத்திற்கு நீர் ஊற்றும் வேலையை அவளிடமே விட்டிருந்தோம். அவளைவிட அதனைக் கவனமாகச் செய்யக்கூடியவர் எங்களில் ஒருவரும் இல்லை.

ஒருநாள் அச்சிறுவன் கேட்டான்: “இன்ஜினியரை வாங்கன்னு கூப்பிடுறோம். அந்த அக்காவை மட்டும் ஏன் வான்னு கூப்பிடுறோம்?” அவளுக்கு வயது முப்பதுக்கு மேல், பொறியாளருக்கு இருபத்தாறு. விடை சொல்ல எங்களுக்குத் தெரிந்திருந்தது. சொல்லத்தான் நா எழவில்லை.

இடித்த வீட்டில் அகலமான திண்ணை இருந்தது. புதிய வரைபடத்தில் அது இல்லை. இடம் போதாது என்று காரணம் சொன்னோம். திண்ணை போனதே என்று உறவினர் பலர் வருந்தினர். வழிப்போக்கர் இளைப்பாறிய இடம், தமிழர் விருந்தோம்பலின் சின்னம் என்றெல்லாம் கூறினர். அது உண்மை. ஆனால் பாதி உண்மை. எங்கள் பாட்டனார் காலத்தில் திண்ணை என்பது எல்லைக்கோடும்கூட. இன்னார் திண்ணைவரை வரலாம், இன்னார் திண்ணைக்குக் கீழே வாசலில் நிற்கலாம், இன்னார் வாசலுக்கே வராமல் கொல்லைப்புறமாக வந்து படியளந்ததைப் பெற்றுச் செல்ல வேண்டும் என்பதை எவரும் எழுதி வைக்காமலே எல்லாரும் அறிந்திருந்தனர். அந்த நாட்களில் பண்ணையாளின் குடிசை நின்ற மண்ணும் மிராசுதாருடையது. வேலையிலிருந்து நீக்கப்பட்டால் கூரையும் போகும். வேளாண் தொழிலாளர் குடியிருந்த மனை அவர்களுக்கே சொந்தம் என்று சட்டம் சொன்னது 1971இல்தான். ஒருவர் மனம் வைத்தால் மறுநாளே இல்லாமற்போகக்கூடிய இருப்பிடத்தை வீடு என்று சொல்ல முடியுமா?

எங்கள் ஊரின் பெயர் வரலாற்றில் இடம்பெற்ற நிகழ்ச்சி ஒன்றுண்டு, பெருமைப்படத் தக்கதன்று. 1937 டிசம்பர் இறுதியில் இங்கு நடந்த காங்கிரசு மாநாட்டின் விருந்துப் பந்தியில், மற்றவரோடு சேர்ந்து உட்கார்ந்து உண்ட தாழ்த்தப்பட்ட தொழிலாளர்கள் பின்னர் அடிக்கப்பட்டு, மொட்டையடிக்கப்பட்டு, சாணிப்பால் குடிக்க வைக்கப்பட்டனர். பந்தி பொதுவானது என்ற சொல்லை நம்பியதே அவர்கள் செய்த குற்றம். திருவாரூரைத் தாண்டிக் கிழக்கே சென்றால் கீழவெண்மணி. கூடுதல் நெல் கூலி கேட்ட பூசலின் முடிவில், 1968 டிசம்பர் 25 இரவில், ஒரே குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் அங்கே எரித்துக் கொல்லப்பட்டனர்; பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியோரும். விடுதியில் இடம் கிடைக்காத குடும்பத்தை நினைத்து நம் ஆலயங்களில் குடில் அமைத்திருந்த அதே இரவு அது.

அன்றைய நிலை இன்றில்லை என்பர். இல்லைதான். எங்கள் வீட்டு வேலையில் எவரையும் எவரும் அடிக்கவில்லை. சனிக்கிழமைதோறும் கூலி பொழுதோடு கைக்குப் போய்ச் சேர்ந்தது. அநீதியால் தன் வீட்டைக் கட்டி, அயலானின் உழைப்புக்குக் கூலி தராதவனுக்கு எரேமியா இறைவாக்கினர் விடுக்கும் சாபம் எங்களைத் தொடாது என்று ஆறுதலும் கொண்டோம். கூலி கொடுத்ததோடு கணக்குத் தீர்ந்தது என்று வாதிடவும் இடமுண்டு. தைத்துக் கொடுத்த சட்டையைத் தையற்காரர் உரிமை கொண்டாடுவதில்லை. தொட்ட கைகள் எல்லாம் உறவு கோரினால் உலகில் எந்த வீடும் எவருக்கும் வீடாக இராது. குடும்பத்திற்குத் தனிமை வேண்டும். கணவனும் மனைவியும் பேச, பெண்பிள்ளை படிக்க, நோயுற்றவர் படுக்கக் கதவு வேண்டும். கதவு தீமையன்று. இதனை நாங்கள் மறுக்கவில்லை.

ஆனால் தையற்காரரும் சட்டை அணிந்திருக்கிறார். எங்கள் வீட்டுத் தளத்திற்கு நீர் ஊற்றிய பெண்ணின் இருப்பிடம் வாய்க்கால் கரைப் புறம்போக்கில் நிற்கும் கீற்றுக் கொட்டகை. புயலின்போது அதுவும் பறந்தது; எங்களுக்கு முன்பே அவர்கள் அதனை மீண்டும் கட்டிக்கொண்டார்கள், இரண்டே நாளில். 2030க்குள் குடிசையில்லாத் தமிழகம் என்ற இலக்குடன் 2024இல் அரசு தொடங்கிய திட்டத்தில், 360 சதுர அடி வீட்டிற்கு மூன்றரை இலட்சம் ரூபாய் தருகிறார்கள், நல்ல திட்டம். ஆனால் பட்டா இல்லாத வாய்க்கால் கரையில் அவ்வீடு எழ வழியில்லை. மேலும், சட்டை தைத்தவரைச் சட்டை வெளியே நிறுத்துவதில்லை. வீடு நிறுத்துகிறது.

புதிதாய் வீடு கட்டுவோருக்கென்றே மறைநூலில் ஒரு கட்டளை உண்டு. இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில் அது உள்ளது. வீட்டின் அளவையோ, அழகையோ, வாசல் நோக்க வேண்டிய திசையையோ அது பேசவில்லை. மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு, எவரேனும் விழுந்தால் இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும் என்பதே அதன் கருத்து. விழக்கூடியவர் யார் என்று அது கூறாமல் விட்டிருப்பதை நாங்கள் வேலை நடந்த நாட்களில்தான் கவனித்தோம். வீட்டாராக இருக்கலாம், விருந்தினராக இருக்கலாம், கூலியாளாகவும் இருக்கலாம். உரிமையோடு ஏறினாரா என்று கேளாமல் விழாதபடி காக்கச் சொல்கிறது. நாங்களும் மூன்றடி உயரத்தில் கைப்பிடிச் சுவர் கட்டினோம். அதன் வெளிப்புறத்தைப் பூசியவர் இரண்டு சவுக்குக் கழிகளின்மேல் நின்று பூசினார். அவருக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

நாசரேத்தூர் இயேசுவைத் தச்சர் என்று மக்கள் அறிந்திருந்தார்கள். எத்தனை பேர் வீடுகளுக்கு அவர் நிலையும் கதவும் செய்து தந்தாரோ! வேலை முடிந்த பின் அவ்வீடுகளில் அவரை யார் உள்ளே அழைத்தார்கள் என்பதை நற்செய்தி சொல்லவில்லை. தலை சாய்க்கத் தமக்கு இடமில்லை என்று பின்னாளில் அவர் கூறியதை, பிறர் வீட்டைக் கட்டிய கைகளுக்குரியவர் சொன்னதாக நினைத்துப் பார்த்தால் அதன் கனம் வேறாகிறது. நற்கருணை வாங்குமுன் நூற்றுவர் தலைவரின் வார்த்தைகளை நாம் திருப்பலிதோறும் சொல்கிறோம்: தம் இல்லத்தில் அவர் நுழையத் தமக்குத் தகுதியில்லை என்று அவன் தாழ்ந்தான். தகுதியில்லாதவன் வீட்டுக்காரனே, வாசலில் நிற்பவர் அல்லர். நாமோ இதனைச் சொல்லிவிட்டு வீட்டிற்கு வந்து, வாசலில் நிற்பவரின் தகுதியை ஆராய்கிறோம்.

அவ்வாண்டு ஆகஸ்டு 13 அன்று மேட்டூரில் நீர் திறந்தார்கள். சம்பா நடவு தொடங்கியதும் சித்தாட்கள் அனைவரும் வயலுக்குப் போய்விட்டனர். பூச்சு வேலை நின்றது. வட்டி ஏறுகிறதே என்று நாங்கள் முணுமுணுத்தோம். அந்த நடவின் நெல்தான் எங்கள் பானைக்கும் வரும் என்பது நினைவுக்கு வர நெடுநேரம் ஆயிற்று. டிசம்பரில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய வாரத்தில் தேக்குக் கதவு வந்தது. மாட்டி முடித்ததும் ஆசாரியார் சாவியை எங்களிடம் தந்தார். அன்று மாலை எங்கள் சித்தாள், மறந்து போன தன் குடத்தைக் கேட்டு வாசலில் நின்றாள். காலைவரை அவள் கேட்காமல் நுழைந்த இடம் அது. நாங்கள் எடுத்துவந்து கொடுத்தோம்.

2020 சனவரியில் வீடு மந்திரித்தோம். பந்தியைப் பற்றிக் குடும்பத்தில் பேச்சு எழுந்தது. “வேலை செஞ்சவங்களுக்கு முதல் நாளே வேட்டி சேலை கொடுத்து, நல்லா சாப்பாடு போட்டு அனுப்பிடுவோம். மறுநாள் கூட்டத்துல அவங்களுக்கும் சிரமம்” என்றார் எங்கள் அத்தை. அதில் கஞ்சத்தனம் சிறிதும் இல்லை, அன்புகூட இருந்தது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில், திருச்சபைக்குள்ளேயே சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டதைப் படித்துத் தலையசைத்த வீடு எங்களுடையது. ஆயினும் அத்தையின் யோசனைக்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. அவ்வாறே செய்தோம்.

மறுநாள் அருள்பணியாளர் அறை அறையாகத் தீர்த்தம் தெளித்து முடித்துக் கூடத்திற்கு வந்து, “கட்டினவங்க எல்லாரும் எங்கே?” என்று இயல்பாகக் கேட்டார். நேற்றே வந்து போய்விட்டார்கள் என்றோம். அவர் தலையசைத்துவிட்டு இலைக்கு முன் அமர்ந்தார்.

அடுத்த மாதம் அப்பெண், மீந்து கிடந்த சாரக் கழிகளைக் கொட்டகைக்குக் கேட்க வந்தாள். குழந்தை இடுப்பில் இருந்தது. உள்ளே வாங்க என்றோம். முதன்முறையாக அப்படி அழைத்தோம் என்பது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், சிரித்தாள். நிலைவரை வந்தாள். உள்ளே பளபளத்த தரையையும் தன் காலையும் பார்த்தாள். “காலெல்லாம் சேறும்மா. நான் கொல்லைப் பக்கமா வர்றேன்” என்று சொல்லிவிட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு போனாள். கொல்லைக் கதவைத் திறப்பதற்காக நாங்கள் அத்தரையின்மேல் உள்ளே நடந்தோம்.