இரண்டாம் வழி

ஆழமான சுரங்கத்தை அமைக்கும் பொறியாளர் முதலில் தோண்டுவது வழியைத்தான். கரியும் பொன்னும் பிறகே. ஆட்களை இறக்கும் கூண்டும், நீர் இறைக்கும் குழாயும், மூச்சுக் காற்றும் செங்குத்தான அக்குழியின் வழியே செல்ல வேண்டும். ஒரு குழி போதுமே, இரண்டு எதற்கு எனக் கணக்கர் கேட்பார். கேள்வி நியாயமாகவே தோன்றும்.

இங்கிலாந்தின் வடகிழக்கில் ஹார்ட்லி நிலக்கரிச் சுரங்கத்திற்கு ஒரே குழிதான் இருந்தது. நடுவே மரப்பலகைத் தடுப்பிட்டு, ஒரு பாதியில் காற்று இறங்கவும் மறுபாதியில் ஏறவும் செய்திருந்தனர். 1862 ஜனவரி 16 அன்று, நீர் இறைக்கும் எந்திரத்தின் வார்ப்பிரும்பு உத்தரம் முறிந்து, ஏறத்தாழ 20 டன் எடையுள்ள அதன் பாதி குழிக்குள் விழுந்தது. தடுப்பு நொறுங்கிற்று, வழி அடைபட்டது, காற்றும் நின்றது. வேலைமுறை மாறும் வேளையாதலால் இரு முறையினரும் உள்ளே இருந்தனர். மேலே ஊரே திரண்டு நிற்க, இடிபாடுகளை அகற்றி உள்ளே செல்ல ஆறு நாட்கள் ஆயின. அங்கே கிடந்தவை நச்சுக்காற்றால் மாண்டவரின் உடல்களே. சிறுவர் உட்பட 204 பேர் இறந்தனர். நிலக்கரிச் சுரங்கங்களுக்கு இரு வழிகள் வேண்டும் என்ற சட்டம் அவ்வாண்டிலேயே பிரிட்டனில் பிறந்தது.

சட்டம் பிறந்ததால் கேள்வி தீர்ந்ததா? 2010 ஆகஸ்ட் 5 அன்று சிலி நாட்டின் சான் ஹோசே சுரங்கம் இடிந்தபோது, உள்ளே சிக்கிய 33 பேர் காற்றோட்டக் குழி வழியே ஏற முயன்றனர். மேல்வரை செல்லும் ஏணி அங்கே இல்லை. 69 நாட்களுக்குப் பின் அவர்கள் மீட்கப்பட்டதை உலகம் கண்டு மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். அம்மீட்புக்கு ஆன செலவில் எத்தனை ஏணிகள் வைத்திருக்கலாம் என்று அன்று எண்ணினோமில்லை. 2013இல் எவர்மீதும் குற்றஞ்சாட்டாமலே விசாரணை முடிந்தது.

ஏணி வைக்காதவர் யாரையும் கொல்ல எண்ணியவர் அல்லர். அவர் ஒன்றும் செய்யவில்லை, சிக்கலே அதுதான். செய்த குற்றத்திற்கு நாளும் இடமும் உண்டு. செய்யாமல் விட்டதோ, எவரும் ஆபத்தில் இல்லாத ஓர் அமைதியான மாலையில், வரைபடத்தின் முன் நிகழ்ந்து விடுகிறது. இனி இறங்கப்போகிறவனுக்கு அப்போது முகமில்லை, பெயரில்லை. செலவுக்கு மட்டும் எண் இருக்கிறது.

பிறரைச் சொல்வானேன்? சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கின் சமூகக்கூடம் எழும்பியபோது, பணம் போதாமையால் பின்வாசலையும் படிகளையும் வரைபடத்திலிருந்து நீக்க இசைந்தவர் நாமே. குழுவில் எவரும் மறுக்கவில்லை. இதுவரை தீங்கொன்றும் நேரவுமில்லை. எனினும் திருமண நாட்களில் கூடம் நிரம்பி வழியும்போது நம் கண் அந்தப் பின்சுவருக்கே செல்கிறது. சென்ற வாரம் கொத்தனாரை அழைத்து, சுவரை உடைத்து வாசல் வைக்க என்ன செலவாகும் என்று கேட்டோம்.