மாட்டேன் என்னும் வினை

'ரோபோ' என்ற சொல்லுக்கு வயது நூறு சொச்சம்தான். செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் எழுதி, அடுத்த ஆண்டு பிராக் நகரில் மேடையேறிய நாடகத்தில் அது பிறந்தது. சொல்லைக் கண்டு கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப். செக் மொழியில் 'ரோபொட்டா' என்றால் பண்ணையாள் தன் பிரபுவுக்குச் செய்து தீர வேண்டிய கட்டாய வேலை. அந்த நாடகத்தின் ரோபோக்கள்கூட இரும்பாலானவையல்ல; மனித உருவில் தயாரிக்கப்பட்ட சதையுடல்கள். ஆக, இந்தச் சொல்லின் வேர் எந்திரத்தில் இல்லை, அடிமை வேலையில் இருக்கிறது. தகரப் பொம்மையும் சினிமாவும் பிற்பாடு வந்து சேர்ந்தவை.

எங்கள் ஊர் யங்கோன். சொல் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தப் பொருளைப் பற்றிய கதை எங்கள் நாட்டில் இருந்தது. பர்மாவில் 11 அல்லது 12ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டதாக அறிஞர்கள் கருதும் 'லோகபஞ்ஞத்தி' என்ற பாளி நூலில் அது வருகிறது. உரோம நாட்டில் எந்திர ஆட்களைச் செய்யும் கம்மியர்கள் இருக்கிறார்கள். அந்த எந்திரங்கள் வாணிபம் செய்கின்றன, உழுகின்றன, குற்றவாளிகளைப் பிடித்துத் தண்டிக்கின்றன. ஆனால் அந்த வித்தை தெரிந்த எவனும் நாட்டை விட்டு வெளியேறக் கூடாது. வெளியேறினால் கொலை எந்திரம் ஒன்று துரத்தி வரும். பாடலிபுத்திரத்து இளைஞன் ஒருவன் இந்த வித்தைக்கு ஆசைப்பட்டு, உரோமில் மறுபிறவி எடுத்து, கம்மியர் தலைவனின் மகளை மணக்கிறான். வரைபடத்தைத் தன் தொடைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு கிளம்புகிறான். எந்திரம் அவனைக் கொல்கிறது. மகன் பிணத்திலிருந்து வரைபடத்தை எடுக்கிறான். அப்படி வந்த வித்தையால் செய்த எந்திரங்களே புத்தரின் தாதுக்களுக்குக் காவல் நின்றன என்கிறது கதை. பின்னாளில் அசோகன் அந்தத் தாதுக்களை வணங்கிப் பரப்ப வந்தபோதும் அவை விடவில்லை. திருடன் யார், பக்தன் யார் என்று அவற்றுக்குத் தெரியவில்லை.

இந்தக் கதையை எந்திரங்களின் கதையாக எங்களால் வாசிக்க முடிவதில்லை. நாட்டை விட்டுப் போக முடியாதவனின் கதையாகவே வாசிக்கிறோம். 2024 பிப்ரவரியில் மியன்மாரின் இராணுவ ஆட்சி கட்டாய இராணுவ சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 18 முதல் 35 வயது வரையான ஆண்களும், 18 முதல் 27 வரையான பெண்களும் அதில் அடங்குவர். அதே ஆண்டு மே மாதம், வெளிநாட்டு வேலைக்குப் போகும் ஆண்களுக்கான அனுமதி நிறுத்தப்பட்டது. 'ரோபொட்டா'வின் பொருளை நாங்கள் அகராதியில் தேடவில்லை. பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டு, இங்கே கோலாலம்பூரில் எச்சில் இலை எடுக்க வந்ததற்கு அதுவே காரணம்.

இந்த நகரத்தில் சில உணவகங்களில் சீனத் தயாரிப்பு எந்திரங்கள் பரிமாறுகின்றன. திரையில் பூனை முகம். நான்கு அடுக்குகளில் தட்டுகளைச் சுமந்து மேசை மேசையாகப் போகும். குழந்தைகள் அதன் தலையைத் தடவுகிறார்கள். பெரியவர்கள் நன்றி சொல்கிறார்கள். வழியில் நின்றால் ஒதுங்கிக் கொள்கிறார்கள். மின்சாரம் தீர்ந்தால் அதற்கு ஓய்வு உண்டு, பழுதானால் வைத்தியம் உண்டு. யாரும் அதனிடம் அடையாள அட்டை கேட்பதில்லை. எங்களுக்கோ இங்கே வேலை செய்யச் சட்ட அனுமதி இல்லை. அகதி அட்டை, பிடிபடும் நேரத்தில் காட்டிப் பார்க்கும் ஒரு தாள்.

'எங்களை எந்திரம் மாதிரி நடத்துகிறார்கள்' என்று தொழிலாளர்கள் காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். இந்த முறைப்பாடு பிழையானது என்று இப்போது தோன்றுகிறது. எந்திரத்தை நல்லவிதமாகத்தான் நடத்துகிறார்கள். அது விலை கொடுத்து வாங்கியது. கெட்டால் முதலாளிக்கு நட்டம். நாங்கள் கெட்டால் வாசலில் இன்னொருவன் நிற்பான். ஆகவே எந்திரத்துக்குக் கிடைக்கும் பராமரிப்பை எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்பது போதுமா? நல்ல சோறு, படுக்கை, மருந்து: இவை எல்லாம் இருந்தும் ஒருவன் அடிமையாக இருக்க முடியும். பராமரிப்பும் மரியாதையும் ஒன்றல்ல.

அப்படியானால் எந்திரத்தின் மீது கோபப்படலாமா? அது எங்கள் வேலையைப் பறிக்கும் என்கிறார்கள். யங்கோன் தமிழர்களாகிய நாங்கள் இதில் அவசரப்படக் கூடாது. 1930இல் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, அவர்களுக்குப் பதிலாகப் பர்மியர்களைக் கப்பல் கம்பனிகள் இறக்கின. நிறுத்தம் முடிந்ததும் பர்மியர்களைத் திருப்பி அனுப்பின. வந்த ஆத்திரம் கம்பனிகள் மேல் விழவில்லை. கூலிகள் கூலிகளை வெட்டிக்கொண்டார்கள். 'பதிலாள்' என்பவன் இரும்போ சதையோ, அவனை யார் எதற்காக இறக்கினார் என்பதே கேள்வி. இன்று இந்தக் கடையில் நாங்களும் யாரோ ஒருவருக்குப் பதிலாள்தான்.

2021 பிப்ரவரி 1ஆம் தேதி இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சில நாட்களுக்குள் மருத்துவர்கள், ஆசிரியர்கள், ரயில்வே ஊழியர்கள் எனப் பலரும் வேலைக்குப் போக மாட்டோம் என்று வீட்டில் இருந்துவிட்டார்கள். ஆயுதம் எதுவும் இல்லை, ஒரு வினைச்சொல் மட்டும். தமிழில் 'செய்யவில்லை' வேறு, 'முடியாது' வேறு, 'மாட்டேன்' வேறு. முதலாவது நடந்ததைச் சொல்கிறது, இரண்டாவது சக்தியைச் சொல்கிறது, மூன்றாவது மனதைச் சொல்கிறது. தாதுவுக்குக் காவல் நின்ற எந்திரங்களிடம் இல்லாதது இந்த மூன்றாவதே. ஆணை பிழை என்று தெரியும் இடத்தில் கையை மடக்கிக்கொள்ள முடியாதவன் புனிதமான பொருளைக் காத்தாலும், அது அவன் செய்த அறம் ஆகாது. சுட்டாலும், பழி ஆணையிட்டவனைவிட்டுப் போகாது.

ஆனால் மாட்டேன் என்று சொல்லக் காலுக்குக் கீழே கொஞ்சம் தரை வேண்டும். வேலை விட்ட மருத்துவர்கள் சிறைக்கும் எல்லைக்கும் போனார்கள். எங்களுக்கு, பதினான்கு மணி நேரம் நிற்க மாட்டேன் என்றால் அன்றிரவே படுக்கை போய்விடும். ஆகவே 'சரி முதலாளி' என்கிறோம். மறுக்க வழியில்லாதவனின் 'சரி'யைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா? கூடாது என்பதே எங்கள் வாதம். கூலியைச் சரியாக எண்ணிக் கொடுத்தாலும் கூடாது.

ஒரு வேடிக்கை. எங்கள் கடையில் மாவாட்டும் கிரைண்டர் நின்றுபோனால், 'ஓட மாட்டேங்குது' என்கிறார் மாஸ்டர். முதலாளி உடனே கல்லாவை விட்டு எழுந்து மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார். மனமில்லாத பொருளுக்கு அந்தச் சொல்லைத் தாராளமாகக் கொடுத்துவிட்டோம். அதன் மறுப்புக்கு ஏதோ காரணம் இருக்கும் என்று நம்புகிறோம், கழற்றிப் பார்க்கிறோம்.

இந்த இதழை வாசிப்பவர்களில் பலர் ஒரு காலத்தில் கோப்பை கழுவியவர்கள். சிலர் இன்று கடை வைத்திருப்பவர்கள். உங்கள் குசினியில் நிற்கும் பையன் கடைசியாக எப்போது உங்களிடம் 'மாட்டேன்' என்று சொன்னான்? ஒருநாளும் சொன்னதில்லை என்றால், அவன் நல்ல பையன் என்று சந்தோஷப்பட வேண்டாம். ஏன் சொல்லவில்லை என்று விசாரியுங்கள்.