எஃப்.சி.க்கு மறுநாள்

எட்டு வயது தாண்டிய வாடகைக் காருக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று எடுத்தாக வேண்டும். அதுவரை இரண்டாண்டுக்கு ஒருமுறை காட்டினால் போதும் என்கின்றன 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். சொந்தக் காருக்குப் பதினைந்து ஆண்டுவரை அந்தக் கவலையே கிடையாது. அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்தால் ஆயிற்று. எனவே வருடம் தவறாமல் பழைய காரைத் தேற்றி நிறுத்தும் பாடு, அதை ஓட்டிப் பிழைப்பவர்கள் தலையில்தான் விழுகிறது.

தேதி நெருங்கினால் டாக்சி ஸ்டாண்டில் பேச்சே மாறிவிடும். இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா, பொல்யூஷன் சர்டிபிகேட் எடுத்தாயிற்றா, வரி பாக்கி ஏதாவது உண்டா? பிறகு டிங்கர் வேலை. பழைய இண்டிகாவின் கதவடியில் துரு தின்ற தகட்டை வெட்டி, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடிப்பார்கள். ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சும் மருந்தும் புதிதாக வரும். அத்தனை நாளும் சவாரி கிடையாது, கையில் காசும் வராது. மாதத் தவணையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் மட்டும் நிற்காது. இதைச் சொல்லாமல் ஓட்டுநர்களைக் குறை பேசுவது நியாயமில்லை.

பணம் போகிற இடத்தைக் கவனியுங்கள். பார்க்கிறவர் கண் எங்கே விழுமோ அங்கேதான் போகிறது. மோட்டார் வாகன ஆய்வாளரை நம் மக்கள் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றே அழைப்பார்கள். ஆனால் காலையில் வரிசைகட்டி நிற்கும் வண்டிகளுக்கு நடுவே, ஒரு வண்டிக்கு அவர் தரக்கூடிய நேரம் சொற்பம். விளக்கு, ஹாரன், இண்டிகேட்டர், வைப்பர், டயர், பெயின்ட் எல்லாம் பார்வைக்கே தெரிந்துவிடும். மைதானத்தில் கொஞ்ச தூரம் ஓட்டி பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும். பெரும்பாலும் நின்றுவிடத்தான் செய்யும்.

அந்த பிரேக் ஆயிலின் வயது என்ன? அதைப் பெடல் சொல்லாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர அளவு. சுமார் 4 விழுக்காடு நீர் ஏறிவிட்டால் அந்தத் தாங்குதிறன் 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். சமதளத்தில் இந்த வித்தியாசம் உறைக்காது. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும்போது உறைக்கும். 36 கொண்டை ஊசி வளைவுகள், கடும் சரிவு. இரண்டாம் கியரில் இறங்காமல் பிரேக்கையே மிதித்து வந்தால் சக்கரத்தருகே சூடு ஏறி ஆயில் கொதிக்கும், குழாய்க்குள் ஆவி சேரும். திரவம் அமுங்காது, அதனால்தான் கால் கொடுக்கும் அழுத்தம் சக்கரம்வரை போகிறது. ஆவி அமுங்கிவிடும். பெடல் தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. மைதானத்தில் தேறிய அதே வண்டிதான்.

டயரும் அப்படித்தான். காருக்கு 1.6 மில்லிமீட்டர் பட்டன் ஆழம் இருந்தால் சட்டப்படி சரி. அதிகம் ஓடாத டயரில் பட்டன் நிறையவே இருக்கும், ரப்பர் மட்டும் இறுகி, பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருக்கும். பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கங்களைப் படித்தால் வயது தெரியும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். எஃப்.சி. அன்றைக்கு மட்டும் வேறு வண்டியின் நல்ல டயரைக் கழற்றி மாட்டிக் காட்டிவிட்டு, மாலையில் பழையதையே போட்டுக்கொள்வதும் நடக்கிறது. சான்றிதழில் அந்த மாலைப்பொழுது பதிவாவதில்லை.

2012 ஜூலையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி சாலையில் விழுந்து இறந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதே ஆண்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. அந்தப் பேருந்துக்கும் தகுதிச் சான்று இருந்தது. நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சை அறுப்பது இதுதான். ஓட்டையைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை, ஒருவர் குனிந்திருந்தால் போதும்.

வண்டியில் பல பாகங்கள் நமக்காக வேலை செய்கின்றன. இன்ஜின் நம்மைக் கொண்டுபோகிறது, ஏசி நம்மைக் குளிர்விக்கிறது, சீட் நம் முதுகைத் தாங்குகிறது. பிரேக்கோ பெரும்பாலும் எதிரே இருப்பவருக்காக வேலை செய்கிறது. காய்கறிப் பையோடு சாலையைக் கடக்கும் பெண்ணுக்கு நம் எஃப்.சி. எந்தத் தேதிவரை என்று தெரியாது, நம் முகம்கூடத் தெரியாது. தான் ஒருநாளும் பார்க்கப்போகாத ஒரு பெடலை நம்பித்தான் அவர் சாலையில் கால் வைக்கிறார். அந்த நம்பிக்கையை அவர் நம்மிடம் கேட்டுப் பெறவில்லை. நாமும் கொடுப்பதாக வாக்குச் சொல்லவில்லை. இருந்தாலும் சாவியைத் திருகிய கணமே அந்தக் கடன் நம் பேரில் ஏறிவிடுகிறது. அரசின் முத்திரை அதைத் தீர்க்காது. ஆய்வாளர் பார்த்தது ஒரு காலைப்பொழுதை, அந்தப் பெண் கடப்பது மீதி ஆண்டு முழுவதும்.

ஆகவே வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எஃப்.சி. கிடைத்த மறுநாளே வண்டியை மறுபடி பட்டறையில் ஏற்றுங்கள். பிரேக் ஆயிலை மாற்றச் சொல்லுங்கள், லைனரையும் வீல் சிலிண்டரையும் திறந்து பாருங்கள், தளத்தைத் தட்டிப் பாருங்கள். வாடகைக்கு வண்டி எடுக்கும் நமக்கும் இதில் பங்குண்டு. கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் குறைக்கப் பேரம் பேசும்போது எந்தப் பராமரிப்பு தள்ளிப்போகிறது என்று யோசியுங்கள். அடுத்தமுறை மலைக்கு வண்டி பேசும்போது, பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள் அண்ணே என்று கேளுங்கள். மாற்றவில்லை என்றால் அந்தச் செலவையும் வாடகையோடு சேர்த்துக் கொடுங்கள்.